"நெட் ஸ்லோ" என்பது புகார் இல்லை: டிஎஸ்எல் லைனில் இரைச்சலைத் தேடுவது

காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஃபைபர் எட்டாத வீடுகளுக்குச் டெலிஃபோன் செம்புக் கம்பி வழியே வரும் டிஎஸ்எல் இணைய இணைப்புதான் கதி. அங்கே "நெட் ஸ்லோ" என்று எத்தனை முறை சொன்னாலும் லைன்மேனுக்கு ஒன்றும் புரியாது. இரண்டு எண்களைச் சொல்லுங்கள், காது கொடுப்பார்: எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலை மீறி நிற்கத் தேவையானதற்கு மேல் சிக்னலுக்குக் கையில் இருக்கும் உபரி), அட்டெனுவேஷன் (வழியில் சிக்னல் இழக்கும் வலு). பெரும்பாலான மோடங்களில் 192.168.1.1 பக்கத்தைத் திறந்தால் ஸ்டேட்டஸ் பகுதியில் இரண்டும் இருக்கும்.

அட்டெனுவேஷன் கம்பியின் நீளத்தைச் சொல்வது. கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. மார்ஜின்தான் ஆடும். 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 6-க்குக் கீழே இறங்கினால் பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால்கூட இணைப்பு அறுந்துவிடும்.

முதல் வேலை, பழி வீட்டுக்கா தெருவுக்கா என்று பிரிப்பது. தெருக் கம்பி உள்ளே வரும் ரொசெட் பெட்டியில் வீட்டு ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, குட்டையான ஒயரில் மோடத்தை மட்டும் நேராக மாட்டி மார்ஜினைப் பாருங்கள். எண் சட்டென்று ஏறினால் கோளாறு வீட்டுக்குள். ஸ்ப்ளிட்டர் (ஃபோன் பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் சிறு பெட்டி) இல்லாமல் மாடியில் தொங்கும் பேரலல் ஃபோன், எங்கும் போய்ச் சேராமல் சுவருக்குள் கிடக்கும் பழைய ஒயர், ஈபி ஒயர் போகும் அதே பைப்பில் இழுத்த தட்டை ஒயர் என்று வழக்கமான குற்றவாளிகள் சிலர்தான். தட்டை ஒயரில் முறுக்கு கிடையாது, அதனால் பக்கத்து மின்கம்பியின் இரைச்சலை அப்படியே வாங்கிக்கொள்ளும். நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடியைப் போட்டு, எல்லா ஃபோனையும் ஸ்ப்ளிட்டரின் ஃபோன் வாய்க்குப் பின்னால் கொண்டுபோனால் பாதித் தலைவலி தீரும்.

அடுத்தது மின்கருவிகள். டிஎஸ்எல் டவுன்லோடு 138 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி, அதன் வேகமான ரகமான ஏடிஎஸ்எல்2+ என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். மத்திய அலை ரேடியோ இதற்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் டிஎஸ்எல் இந்த அலைவரிசையைக் கூறுபோடும் சிறு துண்டுகளான டோன்களில் 167-வதில் விழும். ஒவ்வொரு டோனும் எவ்வளவு தரவு சுமக்கிறது என்று காட்டும் பிட் அட்டவணையில் அங்கே பள்ளம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மோடம் அந்த டோனில் சுமையைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் மலிவு எல்இடி பல்பின் டிரைவரோ சார்ஜரோ இன்வெர்ட்டரோ போடும் இரைச்சல் நூற்றுக்கணக்கான டோன்களை ஒருசேரத் தின்னும். பிடிக்கப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். மத்திய அலையில் ஸ்டேஷன் எதுவும் பிடிக்காத இடத்தில் வைத்து, ஒயர் போகும் வழியே நடங்கள். உறுமல் எங்கே கூடுகிறதோ அங்கே ஒவ்வொரு சுவிட்சாக அணையுங்கள். போர் மோட்டார் வேறு ரகம்: ஸ்டார்ட்டர் விழும் நொடியில் மட்டும் மோடம் காட்டும் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தரவு) எண்ணிக்கை குதிக்கும். மோடத்தை அந்தச் சுவரிலிருந்து தள்ளி வைப்பதே முதல் வைத்தியம்.

ரொசெட்டிலும் மார்ஜின் மோசமா? ஐப்பசி மழைக்குப் பின் மட்டும் விழுந்து, வெயில் ஏறினால் சரியாகிறதென்றால் தண்ணீர் புகுந்த ஜாயின்ட். ஃபோனில் கரகர சத்தமும் கேட்கும். ரிசீவரை எடுத்தால் நெட் நன்றாகி, வைத்தால் கெடுகிறதா? எங்கோ களிம்பு பிடித்த இணைப்பு. ரிசீவரை எடுக்கையில் பாயும் மின்னோட்டம் அதைத் தற்காலிகமாக ஒட்டவைக்கிறது. கையால் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டை வெட்டி, ஈரம் புகாதபடி ஜெல் நிரப்பிய ஜெல்லி கனெக்டர் போடச் சொல்லிக் கேளுங்கள். டேப் வேலூர் வெயிலுக்கு ஒரு கோடை தாங்கினால் பெரிது.

அட்டெனுவேஷன் 50-ஐத் தாண்டிய நீண்ட லைனில் ஏடிஎஸ்எல்2+-இன் மேல் பாதி டோன்கள் வந்தே சேராது. மோடத்தில் அந்த மேல் பாதியைத் தொடாத பழைய முறைகளான ஏடிஎஸ்எல்2 அல்லது ஜி.டிஎம்டி-க்கு மாற்றிப் பாருங்கள், லைன் நிலைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் எக்ஸ்சேஞ்சில் டார்கெட் மார்ஜினை (இணைப்பு தொடங்கும்போது லைன் ஒதுக்கி வைக்கும் மார்ஜினை) 9-க்கோ 12-க்கோ ஏற்றச் சொல்லலாம். வேகம் குறையும், ஆனால் வீடியோ கால் நடுவில் அறாது.