முகத்துவாரத்தில் கயாக் தூண்டில்: ஆறாவது முறை

கயாக்கில், அதாவது துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகில், தூண்டில் போட ஆறாவது முறை போய் வந்த பிறகுதான் முகத்துவாரத்துத் தண்ணீர் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்திருக்கிறது. முதல் மூன்று தடவையும் விடிகிற நேரத்தை மட்டும் பார்த்துக் கிளம்பினேன், கடல் தண்ணீரின் ஏற்றம் வற்றம் பார்க்கவில்லை. தண்ணீர் ஏறி முடிய ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல், இறங்கவும் ஏறக்குறைய அவ்வளவு, அதனால் ஏற்றம் முடியும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. ஒரு ஞாயிறு காலை 6 மணிக்கு ஏற்றம் முடிந்திருந்தால் அடுத்த ஞாயிறு அதே 6 மணிக்கு வற்றிக் கிடக்கும். நான் போனது எல்லாம் ஞாயிறு காலை.

இந்த முறை அஷ்டமியை ஒட்டிய நாளாகப் பார்த்துப் போனேன். அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் வாய்ப்பகுதியில் இழுப்பு பலமாக இருக்கும், நாம் துடுப்பு போட்டால் மணிக்கு 5 கிலோமீட்டர் போவதே பெரிது, எதிர்த்து வர முடியாது.

ஏற்றம் முடிவதற்கு அரை மணி முன்பே போய்ச் சேர்ந்தேன். தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, அப்புறம் இறங்கத் தொடங்கியதும் அந்தக் கோடு தெரிந்தது: ஒரு பக்கம் ஆற்றின் கலங்கல், மறுபக்கம் கடலின் பச்சை, நடுவில் நுரையும் இலைச் சருகும் வரிசையாக. மடவை மீன் குஞ்சுகள் அதை ஒட்டியே துள்ளின. நடு ஓட்டத்தில் நிற்காமல் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஓட்டம் தணிந்த இடத்தில் நங்கூரம் போட்டேன்.

நங்கூரத்தைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். நான்காவது தடவை கயிற்றைப் பக்கவாட்டில் கட்டிவிட்டேன், ஓட்டம் விலாவில் மோதி ஒரு பக்கம் அப்படியே அமுங்கியது, கயிற்றை அறுத்துவிட்டுத்தான் தப்பினேன். இப்போது முனையில் மட்டும் கட்டுகிறேன், கயிற்றின் கடைசியில் ஒரு மிதவை, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் முடிச்சு. லைஃப் ஜாக்கெட் கழற்றுவதே இல்லை.

ரப்பர் மீனைக் கலங்கல் பக்கம் வீசி, ஓட்டத்தோடு கோட்டுக்கு வரவிட்டேன். மூன்றாவது வீச்சில் ராடு நுனியில் ஒரே ஒரு தட்டு, உடனே தூண்டில் நரம்பு கனத்தது. நங்கூர முடிச்சை உருவினேன், மீன் கயாக்கையே இழுத்துக்கொண்டு போனது! ஒருமுறை முழு உடம்பும் வெளியே வந்து தலையை உதறியபோது செவுள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கொடுவா, 52 சென்டிமீட்டர். செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், தூண்டில் முனையை ஒட்டிக் கட்டும் முன் நரம்பு தடிமனாகப் போட்டது நல்லதாகப் போயிற்று, ஒரு விரல் நீளத்துக்கு அது சொரசொரவென்று தேய்ந்திருந்தது. கொடுவா பெரும்பாலும் ஆணாக வளர்ந்து பெரிதான பிறகே பெண்ணாக மாறும், அதனால் இந்த அளவு மீனை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை, வாலைப் பிடித்து ஓட்டத்துக்கு எதிராக முகம் காட்டி நிறுத்தினேன், தானே உதறிக்கொண்டு போனது.

மணல் திட்டைத் தாண்டிப் போகவில்லை. இறங்கும் தண்ணீரும் கடல் காற்றும் எதிரெதிரே மோதி அலை செங்குத்தாக எழும்பிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை, ஏற ஆரம்பிக்கும் முதல் ஒரு மணி நேரத்தை உள்பக்கத் திட்டோரமாகப் பார்க்க வேண்டும், மடவை அங்கேதான் முதலில் ஏறி வருகிற மாதிரி தெரிகிறது.