படுத்தால் பிரஷர் அதிகம், எழுந்தால் தலைசுற்றல்: அப்பாவுக்குக் காரணம் தெரிந்தது இப்படித்தான்

பல வருஷமாகப் பிரஷர் மாத்திரை போடும் அப்பாவுக்கு எழுபதைத் தாண்டியதும் புதிதாக ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. படுக்கையை விட்டு எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும், சுவரைப் பிடித்தபடி அப்படியே நிற்பார். முதலில் காட்டிய இடத்தில் உட்காரவைத்து அளந்தார்கள், மேல் அளவு 150-க்கு மேல் இருந்தது, மாத்திரையின் அளவைக் கூட்டி அனுப்பிவிட்டார்கள். தலைசுற்றல் அதிகமானது. பிரஷர் கூடவா, குறைவா என்றே வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை.

அடுத்துப் பார்த்த டாக்டர் செய்த சோதனைக்குப் புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஐந்து நிமிடம் அசையாமல் படுக்கவைத்து அளந்தார்கள்: 166/86. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 138, மூன்றாவது நிமிடத்தில் 132/74. கை கீழே தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டுமாம், அதனால் நர்ஸ் அப்பாவின் முழங்கையை நெஞ்சு உயரத்துக்குத் தாங்கிப் பிடித்துக்கொண்டே அளந்தார். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே கவனிக்க வேண்டிய விஷயம். அப்பாவுக்கு 34 இறங்கியிருந்தது, ஆனால் நாடித்துடிப்பு கொஞ்சம்தான் கூடியது. நரம்பு நோய் இருந்தாலும் இப்படி ஆகலாம் என்று நடை, கை நடுக்கம் எல்லாவற்றையும் பார்த்தார், அதில் குறை எதுவும் இல்லை.

அப்புறம் அவர் விளக்கியதுதான் எனக்குப் பெரிய தெளிவைக் கொடுத்தது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனி வளைவிலும் உள்ள நரம்பு முனைகள், தமனிச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை வைத்து அழுத்தத்தை அறிந்து மூளையின் முகுளத்துக்குச் செய்தி சொல்கின்றன. உடனே இதயம் வேகமெடுக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும், நமக்கு எதுவும் தெரியாமலே எல்லாம் சரியாகிவிடும். வயதானால் தமனிச் சுவர் விறைத்துப்போகிறது, விரிவு குறைகிறது, செய்தியும் மங்குகிறது. செய்தி போனாலும் வயதான இதயம் அட்ரினலினுக்கு முன்போல வேகமெடுப்பதில்லை. இதோடு வருஷக்கணக்கில் உயர் ரத்த அழுத்தம் சேர்ந்தால் விறைப்பு இன்னும் கூடும், அந்த உயர்ந்த அளவையே உடம்பு இயல்பாக எடுத்துக்கொள்ளும். ஆக, படுத்தால் ஏறுவதற்கும் நின்றால் இறங்குவதற்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அப்பா கேட்டதற்கு, கட்டுப்படாத பிரஷர் இந்தத் தடுமாற்றத்தையே மோசமாக்கும் என்று டாக்டர் உறுதியாக மறுத்தார்.

பிறகு 24 மணி நேர பிரஷர் மானிட்டர் மாட்டினார்கள். பகலில் அரை மணிக்கு ஒரு தரம் கையை இறுக்கும், இரவிலும் விடாது, அப்பாவுக்குத் தூக்கமே போனது, ஆனாலும் பட்ட கஷ்டத்துக்குப் பலன் இருந்தது. இரவில் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் குறைய வேண்டிய அழுத்தம் அவருக்குக் குறையவே இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் நன்றாக இறங்கியிருந்தது.

அவர் போடும் மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி டாக்டர் மேசையில் பரப்பிப் பார்த்தார். புராஸ்டேட்டுக்காக வேறு டாக்டர் எழுதியிருந்த மாத்திரை ரத்தக்குழாயையும் தளர்த்தும் வகை. இரண்டு டாக்டர்களும் பேசி அதை மாற்றினார்கள், கூட்டிய பிரஷர் மாத்திரையையும் திருத்தினார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எழுந்தால் தலைசுற்றினால், நிற்கவைத்தும் அளந்து பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இப்போது அப்பா எழுந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதங்களை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் நிற்கிறார். போன தடவை அளந்தபோது படுத்த நிலையில் 148, நின்றால் 134. சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் லேசான கிறுகிறுப்பு இன்னும் வருகிறது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுகிறார், சாப்பிட்ட உடனே எழுந்து நடப்பதில்லை.