சிறிய மோதலும் காலியாக இருந்த குழந்தை இருக்கையும்

சிக்னலில் நின்றுகொண்டிருந்த எங்கள் காரைப் பின்னால் வந்த கார் இடித்தபோது அதன் வேகம் அதிகம் இல்லை. பம்பர் ஒரு பக்கம் உள்வாங்கியது, விளக்குக்குக் கீழே பெயின்ட் உரிந்தது, அவ்வளவுதான். மகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிய வழி என்பதால் பின்சீட்டில் அவளுடைய இருக்கை காலியாக இருந்தது. அதை இனிப் பயன்படுத்தலாமா என்று இரவில் மனைவி கேட்கும்வரை அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

மறுநாள் இருக்கையை வீட்டுக்குள் தூக்கி வந்து, துணியுறையைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தேன். அளவுக்கு மீறி வளைந்த பிளாஸ்டிக் அந்த இடத்தில் வெளுத்துக் கோடாகத் தெரியும் என்பதால், ஓட்டின் வளைவுகளையும் வார் நுழையும் துளைகளின் ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்தேன். தலைப்பக்கத்தில் உள்ள தெர்மோகோல் போன்ற நுரையில் வெடிப்பு இல்லை. வார்களில் இழை பிரியவில்லை. பூட்டும் சத்தத்துடன் சரியாக விழுந்தது. கிடைத்தவை இரண்டு உடைந்த கிரேயான்களும் ஒரு பொத்தானும்தான்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் என்ன செய்வது? அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இதற்கு ஐந்து நிபந்தனைகளைச் சொல்கிறது: மோதிய வண்டியை அங்கிருந்து ஓட்டிச் செல்ல முடிந்திருக்க வேண்டும், இருக்கைக்கு மிக அருகிலுள்ள கதவு சேதமடைந்திருக்கக் கூடாது, வண்டியில் இருந்த யாருக்கும் காயம் இருக்கக் கூடாது, ஏர்பேக் எதுவும் விரிந்திருக்கக் கூடாது, இருக்கையில் கண்ணுக்குத் தெரியும் சேதம் இருக்கக் கூடாது. ஐந்தும் பொருந்தினால்தான் அது சிறு மோதல். அப்போது இருக்கையை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்று தவறினாலும் மாற்றிவிட வேண்டும். எங்களுக்கு ஐந்தும் பொருந்தின. அத்துடன் விஷயம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அதே நிர்வாகம் தயாரிப்பாளரின் அறிவுறுத்தலையும் பின்பற்றச் சொல்கிறது என்று மனைவி சுட்டிக்காட்டியதால் கையேட்டைத் தேடி எடுத்தோம். எத்தகைய மோதலுக்குப் பிறகும், குழந்தை உட்கார்ந்திருக்காவிட்டாலும், இருக்கையைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் அச்சிட்டிருந்தது. இன்னோர் இருக்கை விற்கும் தந்திரமோ என்ற சந்தேகம் எனக்கு வந்ததை மறைக்கவில்லை. குழந்தை இல்லாதபோது தோள்வார்கள் எந்தச் சுமையையும் தாங்கியிருக்காது. இருக்கையின் சொந்த எடை மட்டுமே அதைக் கட்டியிருந்த பெல்ட்டை இழுத்திருக்கும். இதை நிறுவனத்தாரிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவர்கள் மறுக்கவும் இல்லை, முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை. கையேடு ஐந்து நிபந்தனைகளை ஏற்றிருந்தால் உறுத்தல் இல்லாமல் அதே இருக்கையில் மகளை உட்கார வைத்திருப்பேன். செய்தவர்களே பொறுப்பேற்க மறுக்கும் பொருளில் அவளை உட்கார வைக்க என் தர்க்கம் மட்டும் போதுமானதாகத் தோன்றவில்லை.

இடையில் சில நாட்களுக்கு அக்காவின் இருக்கையை வாங்கிக்கொண்டோம். அது எந்த மோதலிலும் சிக்கியதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அடிப்புறத்தில் இருந்த காலாவதித் தேதியும் தாண்டவில்லை. முன்கதை தெரியாத பழைய இருக்கை என்றால் தொட்டிருக்க மாட்டோம்.

இடித்தவரின் இன்சூரன்ஸ் நிறுவனம், காலி இருக்கைக்கு இழப்பீடு கிடையாது என்று முதலில் தொலைபேசியிலேயே மறுத்துவிட்டது. வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, கையேட்டின் அந்தப் பக்கம், மாடல் எண்ணும் தயாரிப்புத் தேதியும் தெரியும் லேபிள், வாங்கிய ரசீது, பம்பரின் சேதம் ஆகியவற்றின் படங்களுடன் மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வார்களை வெட்டிய படத்தை அனுப்ப வேண்டும் என்றார்கள். சமையலறைக் கத்தரிக்கோல் அந்த வாரில் வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் கட்டர் கத்தியால் அறுத்தேன். குப்பையிலிருந்து யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி ஓட்டின் மேல் மார்க்கரால் ‘விபத்தில் சிக்கியது’ என்று எழுதினோம்.

மெக்கானிக் பின்சீட் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்துச் சரியாக இருப்பதாகச் சொன்ன பிறகே புதிய இருக்கையைப் பொருத்தினோம். பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. முழங்காலால் அழுத்திக்கொண்டு மூன்றாம் முறை இறுக்கியபோதுதான் அது அசையாமல் நின்றது. இந்த இருக்கை வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. இதன் கையேட்டில் மோதலைப் பற்றிய பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன்: ஐந்து நிபந்தனைகளும் பொருந்தினால் மாற்ற வேண்டியதில்லை என்று போட்டிருக்கிறார்கள்.