ஃபின்ஸ்பரி கணக்கு

ஜூன் 4

லண்டன் பகுதிகளின் சுகாதார அதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளை, லண்டனின் மருத்துவ வரலாற்று நூலகமான வெல்கம் நூலகம் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறது. 1848 முதல் 1972 வரை, ஐயாயிரத்துக்கும் மேல். அத்தனையும் படிக்க ஆயுள் போதாது. ஃபின்ஸ்பரி மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு சதுர மைல்கூட இல்லாத பேட்டை. 1901இல் ஒரு லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். சுகாதார அதிகாரி ஜார்ஜ் நியூமன். அட்டவணைக்கு நடுவில் திடீரென்று கோபப்படுகிறவர். பிடித்துப்போனது.

ஜூன் 5

தகவல் எப்படி வந்து சேர்ந்தது என்று பார்த்தேன். 1889 சட்டப்படி பெரியம்மை, தொண்டை அடைப்பான், டைபாய்டு போன்றவற்றைக் கண்ட டாக்டர் சுகாதார அதிகாரிக்குச் சீட்டு எழுதி அனுப்பியாக வேண்டும். சொந்த நோயாளி என்றால் சீட்டுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். பொது நிறுவன டாக்டராகப் பார்த்த நோயாளி என்றால் 1 ஷில்லிங். ஏழையின் காய்ச்சலுக்கு விலையும் குறைவு.

தட்டம்மையும் கக்குவானும் அந்தப் பட்டியலில் இல்லை. குழந்தைகளை அதிகம் கொண்டுபோனவை அவைதான்! தட்டம்மைக்கு நாடு முழுக்கக் கட்டாயம் வந்தது 1916இல், அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டும். அதுவரை ஒரு தெருவில் தட்டம்மை பரவுகிறது என்று அலுவலகத்துக்குத் தெரிய இரண்டே வழி: பள்ளியில் பிள்ளைகள் வராமல் போவது, அல்லது இறப்புச் சான்றிதழ்.

ஜூன் 9

நான்கு நாள் வேலை வீண். என் தப்புதான்.

ஃபின்ஸ்பரி ஏழைகள் பலர் சாகக் கிடந்தது ஃபின்ஸ்பரியில் இல்லை. ஏழைகளைப் பராமரிக்கப் பல பேட்டைகள் சேர்ந்து அமைத்த ஹோல்போர்ன் யூனியனின் ஏழை மருத்துவமனையில். அது இருந்தது வடக்கே ஆர்ச்வேயில், இஸ்லிங்டன் எல்லைக்குள். செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் செத்தால், லண்டனின் பழைய நடுப்பகுதியான சிட்டியின் எல்லை. செத்த இடத்திலேயே கணக்கு வைத்தால் மருத்துவமனை உள்ள ஊர் கொலைக்களமாகவும், மருத்துவமனை இல்லாத சேரி ஆரோக்கியபுரியாகவும் தெரியும். அதனால் வெளியே செத்தவரை அவர் வீட்டு முகவரிக்கே திரும்ப அழைத்து வந்தார்கள், காகிதத்தில். நான் அந்தத் திருத்திய எண்ணை எடுத்து, "வெளியிடத்து இறப்புகள்" வரிசையையும் அதோடு கூட்டியிருக்கிறேன். ஆர்ச்வேயில் செத்தவர்கள் என் எக்செல்லில் இரண்டு முறை செத்தார்கள்.

போதாக்குறைக்கு, ஸ்கேனை எழுத்தாக்கிய மென்பொருள் 3ஐ 8 என்று படித்து வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஜூன் 12

நியூமனின் அறைக் கணக்கு. ஓரறை வீடுகளில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 39 பேர் அளவில் இறப்பு. நான்கோ அதற்கு மேலோ அறைகள் உள்ள வீடுகளில் 6 அளவில். ஒரே பேட்டை, ஒரே தண்ணீர், ஒரே பனிமூட்டம்.

ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். சயரோகம் வந்து சம்பளம் நின்றவன் மூன்று அறையிலிருந்து ஓரறைக்கு இறங்கி வந்து செத்திருந்தால், கொன்றது அறையா? அறை என்பது வாடகையின் இன்னொரு பெயர் என்று வைத்துக்கொண்டால் சண்டை இல்லை.

ஜூன் 15

1911. இதற்குள் நியூமன் கல்வி வாரியத்துக்குப் போய்விட்டார்.

இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள், ஆயிரம் பிறப்புக்கு: 1910இல் 105. 1911இல் 130. நடுவில் நடந்தது ஒரு கோடை. ஆகஸ்ட் 9 அன்று கிரீனிச்சில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. பேதி வாரிக்கொண்டு போனது.

எட்வர்ட் பல்லார்ட் என்ற மருத்துவர் 1880களிலேயே ஒன்றைக் கவனித்திருந்தார்: நிலத்துக்குள் நாலடி ஆழத்தில் வைத்த வெப்பமானி 56 டிகிரியைத் தொட்ட பிறகே பேதிச் சாவு ஏறத் தொடங்குகிறது. மண்ணிலிருந்து ஏதோ கிளம்புகிறது என்று நினைத்தார். நிலம் சூடாகும் அதே வாரங்களில் தெருவில் குதிரைச் சாணத்தில் ஈ பெருகியது, அடுப்பங்கரையில் பால் கெட்டது. தேதி சரி, குற்றவாளி மாறிப்போனான்.

அந்தக் காலப் பால்புட்டி ஒன்றின் படம் பார்த்தேன். கண்ணாடிப் புட்டி, அதிலிருந்து முழ நீள ரப்பர் குழாய், நுனியில் காம்பு. குழந்தை தானே படுத்துக் குடிக்கும், அம்மா வேலைக்குப் போகலாம். குழாயின் உட்புறத்தைக் கழுவ எந்த விரலும் நுழையாது.

ஜூன் 16

1912இல் குழந்தைச் சாவு 95. குழந்தைகளுக்குச் சுத்தமான பால் கொடுத்த பால் நிலையங்களுக்கும் வீடு வீடாகப் போன பெண் சுகாதார ஆய்வாளர்களுக்கும் ஒரு சபாஷ் எழுதிவிட்டு, அப்புறம் வானிலையைப் பார்த்தேன். அந்த ஆகஸ்ட் முழுக்கக் குளிர், மழை. சபாஷை அழிக்கவில்லை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.