1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆன அத்தை

எனக்கு இரண்டு அத்தைகள். பெரியவருக்கு 1988-இல் கல்யாணம், சின்னவருக்கு 1991-இல். இந்த மூன்று வருஷ வித்தியாசத்தில்தான் பூர்வீக நிலத்தில் ஒருவருக்குப் பங்கு வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை.

1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டாயிற்று. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது வருஷம் ஆனது. அதிலும் ஒரு கொக்கி: 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆன மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் அந்தப் பங்கு கிடையாது. தாலி ஏறிய தேதியைப் பார்த்துப் பங்கு கொடுத்த சட்டம்! 2005-இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தில்தான் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதம் போனது. பங்கு கேட்கும் மகளின் அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று கோர்ட்டுகள் ஆளுக்கொன்று சொல்ல, தேவையில்லை, மகளுக்கு அது பிறப்பிலேயே வரும் உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். போன மாதம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில், இரண்டு அத்தைகளும் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, தங்கள் பங்கை அப்பாவுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். "அண்ணன் உறவு வேணும்ல" என்றார் பெரிய அத்தை, விரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே. அப்பா எல்லாருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார்.