பெர்லின் தூசி: 1/35 டி-34/85 வேலைக் குறிப்புகள்

3 ஆகஸ்ட் 2024

எடுத்துக்கொண்டது 1/35 அளவில் சோவியத் டி-34/85 டாங்கியின் பிளாஸ்டிக் மாடல், பாகங்களாக வரும் கிட். இடமும் காலமும் முதலிலேயே முடிவாகிவிட்டன: பெர்லின், 1945 ஏப்ரல் கடைசி. இது முடிவாகாமல் பசை பாட்டிலைத் திறக்கவே கூடாது. வசந்தகாலச் சேறா, பனியா, இடிந்த வீடுகளின் காரைத்தூளா என்று தெரிந்தால்தான் அழுக்கு எங்கே படியும், பெயிண்ட் எங்கே தேயும் என்று சொல்ல முடியும். இந்த வகை டாங்கி தயாரிப்புக்கு வந்ததே 1944 தொடக்கத்தில். அதனால் பெர்லினுக்குள் நுழைந்தவற்றில் மிகப் பழையதுக்கும் வயது ஒன்றேகால் வருடம்தான். உடம்பெல்லாம் ஆரஞ்சுத் துரு பூசுவதற்கு இங்கே நியாயமே இல்லை.

ஒரு கணக்கை மேஜைமேல் எழுதி ஒட்டியாயிற்று: மாடலில் 1 மி.மீ. என்பது அசலில் 3.5 செ.மீ.

உடற்பகுதி ஒட்டியாகிவிட்டது. சக்கரங்களும் சங்கிலியும் தனியே இருக்கின்றன.

5 ஆகஸ்ட்

டரட், அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்கூடு. அசலில் இது மணல் அச்சில் வார்த்தது, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். கிட்டில் வருவது வழவழவென்று சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறது. ட்யூபில் வரும் பட்டியை (இடைவெளி அடைக்கும் பூச்சு) கொஞ்சம் எடுத்து, திரவப் பசை விட்டுத் தயிர் பதத்துக்குக் கரைத்து, முடியைக் குட்டையாக வெட்டிய பழைய தூரிகையால் குத்திக் குத்தி வைத்தேன். இழுத்துப் பூசினால் தூரிகைக் கோடு விழும். ஒரு நேரத்தில் இரண்டு விரல் அகலம் போதும், அதற்குமேல் போனால் குத்துவதற்குள் காய்ந்துவிடும். ஒரு நாள் காயவிட்டு 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தடவினால் கூர்முனைகள் மட்டும் போகும். ப்ரைமரும் பெயிண்டும் பாதியை மூடிவிடும் என்பதால் இப்போது சற்று அதிகமாகத் தெரிவதே சரி.

டரட்டின் கூரைக்கு இது வேண்டாம். அது தனியாக வெல்டிங் செய்த உருட்டுத் தகடு, சமமாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டரட்டுக்கே அழகு.

9 ஆகஸ்ட்

கைப்பிடிகளை வெட்டி எறிந்துவிட்டு 0.5 மி.மீ. செம்புக் கம்பியில் செய்தேன். கம்பியின் ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் குறடால் ஒரு இழுப்பு இழுத்தால் நேராகிவிடும். காலாட்படை வீரர்கள் டாங்கிமேல் தொற்றிக்கொண்டு போனது இந்தக் கைப்பிடிகளைப் பிடித்துத்தான். பின்னால் தேய்மானம் வைக்கும்போது இது ஞாபகம் இருக்க வேண்டும்.

சங்கிலி: ஒரு பக்கத்துக்கு 72 கண்ணி. கொம்பு (நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் பல்) உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று மாறி மாறி வரும், ஆக 36-ம் 36-ம். இரண்டு கொம்புக் கண்ணி அடுத்தடுத்து வந்தால் சங்கிலியை இழுக்கும் பின்சக்கரத்தின் உருளைகளில் உட்காராது. ஒரு ஸ்கேல் ஓரமாக வரிசை சேர்த்து, திரவப் பசை தொட்டு, அரை மணி நேரம் கழித்து இன்னும் வளையும் பதத்தில் இருக்கும்போதே சக்கரங்களின் மேல் போர்த்தினேன். டி-34-க்கு மேலே தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. மேல்சங்கிலி நேராகச் சக்கரங்களின் தலையில் படுத்து, இடையில் தொய்யும். கம்பி கட்டியதுபோல விறைப்பாக இருந்தால் மற்ற எதுவும் காப்பாற்றாது. தொய்வு நிற்க மட்கார்டுக்கும் சங்கிலிக்கும் நடுவே பஞ்சு திணித்து ஒரு இரவு விட்டேன்.

12 ஆகஸ்ட்

சாம்பல் ப்ரைமர். அடித்ததும் பக்கவாட்டில் விளக்கு வைத்து ஒரு போட்டோ. கண் மன்னிப்பதைக் கேமரா மன்னிக்காது: பீரங்கிக் குழலின் அடியில் அச்சுக்கோடு ஒன்று அப்படியே நின்றது. சுரண்டி, 1000 நம்பரில் தேய்த்து, மறுபடி ப்ரைமர்.

15 ஆகஸ்ட்

பச்சை, அதாவது 4பிஓ என்ற சோவியத் ராணுவப் பச்சை. 0.3 மி.மீ. ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்ட் தெளிக்கும் கருவி), காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ, பெயிண்ட் பால் பதம். மேல்பரப்புகளுக்குக் கொஞ்சம் வெளுத்த பச்சை வேண்டும். அதற்கு வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆகும், மஞ்சள் சேர்த்தால் பச்சை பச்சையாகவே இருக்கும்.

பளபளப்பு லேக்கர் வார்னிஷை அன்றே அடிக்கவில்லை. மழை பெய்து ஓய்ந்த நேரம், ஈரப்பதம் 85%. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். மறுநாள் வெயில் வந்ததும் அடித்தேன்.

18 ஆகஸ்ட்

டரட்டைச் சுற்றி வெள்ளைப் பட்டை. தங்கள் பக்க விமானங்கள் சுடாமல் இருக்கக் களத்தில் அவசரமாகப் பூசிய அடையாளம் இது. அதனால் டேப் ஒட்டிக் கத்தி வெட்டாக வேண்டாம், தூரிகையாலேயே போட்டேன், ஓரம் கொஞ்சம் அலையலாம். சுத்த வெள்ளை வேண்டாம்; போட்டோவில் அந்த இடம் மட்டும் வெளிறிப்போய் விவரமே இருக்காது. பத்துக்கு ஒன்று சந்தன நிறம் கலந்தது.

22 ஆகஸ்ட்

வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த பெயிண்ட். அடர் பழுப்பு எனாமல், மூட்டுகளிலும் போல்ட்டுகளைச் சுற்றியும் மட்டும். இருபது நிமிடம் கழித்து வைட் ஸ்பிரிட்டில் (எனாமலைக் கரைக்கும் தின்னர்) தொட்டுத் துடைத்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்து எடுத்தேன். ஒரு எச்சரிக்கை: பெயிண்ட் படாத, இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் வாஷ் குளமாகத் தேங்கினால் அந்த இடம் மொறுமொறுவென்று ஆகி விரியும். உள்பக்கச் சக்கரக் கைகளுக்கு முன்கூட்டியே பெயிண்ட் அடித்தது இதற்காகத்தான்.

பெயிண்ட் உரிவுகள்: கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டில் கரும்பழுப்பு தொட்டு, காகிதத்தில் பாதி ஒற்றிவிட்டு, டரட் மூடிகளின் ஓரத்திலும் ஓட்டுநர் மூடியின் விளிம்பிலும் மட்டும். கைப்பிடிகளுக்குப் பென்சில் கரியை விரலால் தேய்த்தால் போதும், கை பட்டுப் பட்டு வந்த மினுக்கம் வந்துவிடுகிறது. எஞ்சின் மூடிக்கு உரிவு குறைவு, பூட்ஸ் மண் அதிகம்.

சங்கிலிக்கும் துரு கிடையாது. மாங்கனீசு எஃகு, ஓடிக்கொண்டிருப்பது. சக்கரம் உரசும் நடுப்பகுதியும் தரை தொடும் விளிம்பும் தேய்ந்து மின்ன வேண்டும்.

25 ஆகஸ்ட்

டீசல் கறை. பக்கவாட்டில் இருக்கும் உருளை எரிபொருள் தொட்டிகள் எஞ்சினோடு குழாயால் இணைந்தவை அல்ல, எரிபொருளை எடுத்து உள்தொட்டியில் ஊற்ற வேண்டும். ஆகவே சிந்தல் இரண்டு இடத்தில் வரும்: உருளையின் மூடி, உடற்பகுதியில் நிரப்பும் துளை. அடர் பழுப்பு ஆயில் பெயிண்டில் ஒரு சொட்டு பளபளப்பு வார்னிஷ், கீழ்நோக்கி ஒரே இழுப்பு. முதல் நாள் ஒரு கறை, மறுநாள் அதற்குள்ளேயே இன்னொரு சிறிய, கருமையான கறை. பழைய சிந்தலும் புதிய சிந்தலும் அப்படித்தான் பிரிந்து தெரியும்.

28 ஆகஸ்ட்

முதலில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ், பிறகுதான் பிக்மென்ட், அதாவது உலர்ந்த நிறத்தூள். மாற்றிச் செய்தால் வார்னிஷ் பட்டதும் தூள் கறுத்துப் பாதி காணாமல் போகும். சாம்பல் மூன்று பங்கு, வெளிர் மஞ்சள்மண் ஒரு பங்கு, செங்கல்தூள் நிறம் கால் பங்கு. உலர்ந்தபடியே தூவி, ஓரத்தில் வைட் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டால் தானாக இழுத்துக்கொள்ளும். ஈரத்தில் தூள் மறைந்ததுபோல் தோன்றும். அதை நம்பி இன்னும் தூவினால், காய்ந்த பிறகு டாங்கி மாவில் புரண்டதாகிவிடும். இரண்டு மணி நேரம் பொறுத்தேன்.

31 ஆகஸ்ட்

போட்டோ. 1/35-ல் நிற்கும் மனிதனின் கண் தரையிலிருந்து 4.6 செ.மீ. லென்ஸின் நடு அந்த உயரத்தில் இருந்தால் டரட்டின் கூரை தெரியாது, டாங்கி தலைக்குமேல் நிற்கும். குழல் முனையிலிருந்து பின்பகுதிவரை கூர்மை வேண்டும். ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப்/16, 60 செ.மீ. தூரம் என்றால் கூர்மையின் ஆழம் சுமார் 9 செ.மீ.தான். 1 மீட்டருக்குப் பின்வாங்கினால் அதுவே 25 செ.மீ.; படத்தை வெட்டிக்கொள்ளலாம். துளையை இன்னும் சுருக்கி எஃப்/22-க்குப் போனால் எல்லாமே மங்கும். செல்போனிலும் இதே விதிதான்: கிட்டே போனால் குழல் பூதாகாரமாகிவிடும், விலகி நின்று 2 மடங்கு லென்ஸில் எடுக்க வேண்டும்.

ஐஎஸ்ஓ 100, ட்ரைபாட், 2 நொடி டைமர். இடப்பக்கம் ஒரு எல்இடி, முன்னால் பட்டர் பேப்பர். வலப்பக்கம் வெள்ளை சார்ட். பின்னால் மங்கிய சாம்பல் சார்ட்.

பெரிதாக்கிப் பார்த்ததில் வலப்பக்க மூன்றாவது சக்கரத்துக்கும் கீழ்ச்சங்கிலிக்கும் நடுவே முடி தடிமனில் வெளிச்சம். 32 டன் டாங்கி அந்தரத்தில் நிற்காது. அந்த இரண்டு கண்ணிகளுக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு கொடுத்து உயர்த்தி, பசை காய்ந்ததும் பிக்மென்டால் மூடி, அதே கோணத்தில் மறுபடி எடுக்க வேண்டும்.