கோடைப் பந்தல்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 8, சுருளிப்பட்டி
போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டார் கொஞ்ச நேரத்திலேயே காற்று இழுக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை ஜூனுக்கு முன்னால் எதிர்பார்க்க முடியாது. எங்களிடம் பெரும்பகுதி சொந்த வேரில் நிற்கும் பன்னீர் திராட்சை. கிழக்கு ஓரத்தில் மட்டும் டாக்ரிட்ஜ் என்ற வறட்சி தாங்கும் திராட்சை வேர்ச்செடியில் ஒட்டிய விதையில்லா ரகம்.

மார்ச் 15
இலை வாடும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். கொடி நுனிதான் முதலில் பேசும். தண்ணீர் போதுமென்றால் பற்றுக்கம்பிகள் நுனியைத் தாண்டி விறைப்பாக நீண்டிருக்கும். இன்று பன்னீரில் அவை தளர்ந்து தொங்குகின்றன, நுனிமொட்டு இலைகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. டாக்ரிட்ஜ் ஒட்டில் நுனி இன்னும் ஓடுகிறது. ஒரே மண், ஒரே சொட்டுநீர்தான்.

மார்ச் 23
மதியம் இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பன்னீர் இலை சுட்டது. இலைத்துளைகளை மூடிவிட்டால் நீராவி போகாது, இலை குளிராது. ரகத்துக்கு ரகம் இதில்தான் வித்தியாசம். கிரெனாஷ் என்ற வைன் திராட்சை, மண் காயத் தொடங்கியதுமே துளைகளை மூடிக்கொள்ளும். சிரா என்ற இன்னொரு வைன் ரகம் வெகுநேரம் திறந்தே வைத்திருக்கும். மூடினால் நீர் மிஞ்சும், ஆனால் இலை மாவுச்சத்து சமைப்பது குறையும். திறந்து வைத்தால் காய்க்கு உணவு கிடைக்கும், வறட்சி நீண்டால் நீர்க்குழாய்களுக்குள் காற்றுக் குமிழி புகுந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் அடி இலைகள் பழுத்து உதிரும். இலையை விட்டுக்கொடுத்துத் தண்டைக் காப்பாற்றுகிறது கொடி.

ஏப்ரல் 4
ஓடைப்பட்டியிலிருந்து மாமா போன் செய்தார். "ஏன்ப்பா, இருக்கிற தண்ணிய எந்தப் பந்தலுக்கு விடுறது?" பிஞ்சு பிடித்த பந்தலுக்கு என்றேன். அங்கே ஒரு நாளும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பிஞ்சில் சிறுத்த காய், பின்னால் எவ்வளவு பாய்ச்சினாலும் பெருக்காது. நிறம் ஏறியபின் கொஞ்சம் குறைத்தால் தாங்கும், சர்க்கரையும் கூடும். ஆனால் காய்ந்த மண்ணில் திடீரென்று நிறையப் பாய்ச்சினால் பன்னீரின் மெல்லிய தோல் வெடிக்கும். ஆளாளுக்கு வேறு வேறு தேதியில் கவாத்து செய்யும் ஊர் இது, ஒரே அட்டவணை எல்லோருக்கும் பொருந்தாது.

ஏப்ரல் 19
கரும்புத் தோகை மூடாக்கு போட்ட வரிசைகளில் நுனிகள் மறுபடி நிமிர்ந்திருக்கின்றன. மனசுக்கு நிம்மதி.

மே 6
குமுளிப் பக்கமிருந்து நல்ல மழை. அடுத்த நடவுக்குப் பன்னீரையே டாக்ரிட்ஜில் ஒட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். கூடவே 110ஆர் வேரில் ஒரு வரிசையும் கேட்டிருக்கிறேன். அதுவும் வறட்சி தாங்கும் வேர்தான், டாக்ரிட்ஜ் அளவுக்குக் கொடியைத் தழையாக ஓடவிடாது.